இருசம்மாள் கால் நீட்டினால்

முழங்கையைத் தண்ணீருக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு மூச்சு விடும் நேரம் அப்படியே இருப்பாள் இருசம்மாள். பிறகு, "இன்னும் ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்து" என்பாள். விரலை விட்டுச் சூடு பார்ப்பவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சேற்றிலும் அடுப்பிலும் காய்ப்பேறிப் போன விரலுக்குச் சூடு என்ன தெரியும், முழங்கைதான் உள்ளதைச் சொல்லும் என்பது அவள் கட்சி.

சூடு பதமானதும் புடவையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, மணைமேல் உட்கார்ந்து இரண்டு காலையும் ஒட்ட நீட்டுவாள். பத்து நாள் பிள்ளையை அந்தக் கணைக்கால்களின் மேல் மல்லாத்திப் போடுவாள். தலை அவள் பாதத்தின் பக்கம், கால் அவள் வயிற்றின் பக்கம். இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் விழுமே, பிள்ளை அதில் போய் அமைந்துகொள்ளும். வீட்டார் கொடுக்கும்போது வீரிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகூட அங்கே வந்ததும் சட்டென்று ஓய்ந்து, மேலே தெரியும் முருங்கை மரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

அவள் தாலாட்டுப் பாடுகிறவள் இல்லை. ஊர் வம்பு சொல்லுவாள். எண்ணெயை நெஞ்சில் தேய்த்துக்கொண்டே, "கேட்டியா ராசா, ராஜாங்கத்து கெணத்துல மோட்டாரு வுழுந்துடுச்சாம். எடுக்கப் போனவனும் வுழுந்துட்டானாம்" என்று ஆரம்பித்தால், மூக்கைப் பிடித்துவிட்டு, மண்டையை உருட்டி, காதில் ஊதி, துணியில் சுற்றிக் கொடுக்கும் வரைக்கும் பேச்சு ஓயாது. வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்வராயன் மலை இறங்கி முடிகிற அந்த ஊரில், ஒருவர் வீட்டுச் சங்கதி இன்னொரு வீட்டுக்குத் தெரியும் முன்பே கைப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும்.

நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போகிறவள்தான். இருந்தாலும் விடிந்ததும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் வயலில் இறங்குவாள். இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான். அவளுக்குச் சொந்தப் பிள்ளை கிடையாது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால், "ஊர்ல சுத்தற மண்டையெல்லாம் நான் உருட்டினது. எனக்கு இன்னா கொற" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். ஆட்களின் பெயர் அவளுக்கு நிற்காது. மூக்கும் மண்டையும் மட்டும் மறக்காது.

அப்பேர்ப்பட்டவள், எண்பத்தேழாம் வருஷம் தை மாதத்திலிருந்து கால் நீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

யார் வந்து கூப்பிட்டாலும், "இடுப்பு புடிச்சிக்கினு இருக்கு, குனிய முடியல" என்றாள். மூன்று பிள்ளைகள் அவள் கைபடாமலே வளர்ந்து கவிழ்ந்துகொண்டன. நடவுக்கும் போவதில்லை. கடலை உரிக்கிற வேலை இருந்தால் மட்டும் போய், காலை மடக்கிப் புடவைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இருசம்மாளுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தபோது அவள் மறுக்கவில்லை. தலைக்கனம் என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மார்கழிக் குளிரில் வலது முழங்காலுக்குக் கீழே காலணா அளவுக்கு ஒரு வறட்டுத் திட்டு வந்தது. சொறிந்தாள். அது பெரிதாகி, இடது காலிலும் ஒன்று வந்தது. பொங்கல் கழிந்தபோது இரண்டு கணைக்காலிலும் சிவந்த தோலின் மேல் வெள்ளி வெள்ளியாகச் செதில் அடுக்கி நின்றது. விடியலில் எழுந்தால் பாயில் தவிடு சிந்தினதுபோல் கிடக்கும். புருஷன் சடையன் கண் விழிப்பதற்குள் கூட்டி வாரி அடுப்பில் போடுவாள். அது பெருவியாதியாகத்தான், குஷ்டமாகத்தான் இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அந்தச் சொல்லைத் தனியாக இருக்கும்போதுகூட அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

புருஷனுக்கு எத்தனை நாள் மறைக்க முடியும்? சடையன் பார்த்தான். பயந்தான். ஆனால் பெண்டாட்டிமேல் உயிரை வைத்திருக்கிற மனுஷன். வெளியே அவள் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒரு யோசனை செய்தான். டீக்கடையில் உட்கார்ந்து, பொதுவாகக் கேட்பதுபோல், "மாட்டுக்குக் கால்ல செதில் செதிலா வருது, அதுக்கு இன்னா பண்றது" என்று விசாரித்தான்.

சடையனிடம் ஏது மாடு? திருக்கோவிலூர் மச்சான் மாடு என்றான். மாடு என்றதும் ஊரே வைத்தியராகிவிட்டது. தேங்காய் நார் போட்டுத் தேய், ரத்தம் கசிகிற மாதிரி தேய்த்தால்தான் மருந்து இறங்கும் என்றார் ஒருவர். வேப்பெண்ணெயில் கந்தகத்தைக் குழைத்துப் பூசு என்றார் இன்னொருவர். ஃபினாயில் ஊற்றிக் கழுவு என்றார் மூன்றாமவர். ஒவ்வொன்றையும் சடையன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு வந்து சொல்ல, இருசம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் செய்தாள். தேய்த்துப் புண்ணான இடத்திலெல்லாம் புதிதாகத் திட்டு முளைத்தது. மறுபடி சடையன் டீக்கடைக்குப் போனான். அன்று திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"இன்னா சொன்னாங்க?" என்றாள்.

"மத்த மாட்டுக்கு ஒட்டிக்குமாம். சந்தையில வித்துடச் சொல்றாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. இருசம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போனவள் நெடுநேரம் வெளியே வரவில்லை.

அந்த நாட்களில் ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. கோமுகி அணையின் தண்ணீரில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். காலெல்லாம் மீன் செதில், வெயில் பட்டு மினுங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து காலில் போடுகிறார்கள். அது சிரித்துக்கொண்டே வழுக்கி வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கிப் போகிறது. பிடிக்கலாம் என்றால் கை எழவில்லை. விழித்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

ஆவணியில் செந்தமிழ்ச்செல்வி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். நடவு வரிசையில் இருசம்மாளுக்குப் பக்கத்தில் நிற்கும் ராஜாம்பாளின் மகள் அவள். இருசம்மாள் முதன்முதலாகக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிய நாலைந்து பிள்ளைகளில் ஒருத்தி. வயிற்றைத் தள்ளிக்கொண்டு நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்த, உங்க இடுப்பு எக்கேடோ கெட்டுப் போவட்டும். எம்புள்ளைக்கு நீங்கதான் ஊத்தணும்."

"பாக்கலாம் பாப்பா."

"பாக்கலாம்லாம் கெடையாது. எனக்கு ஊத்தினீங்க இல்ல?"

இருசம்மாள் காலைப் புடவைக்குள் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டாள். அன்று முதல் அவள் மனதில் வேறு எதுவும் இல்லை. அந்தப் பிள்ளை பிறக்குமுன் தனக்கு வந்திருப்பது என்ன என்று தெரிந்தாக வேண்டும். அதுதான் என்றால் அதுதான். ஆனால் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவது எப்படி? பஸ்ஸில் ஏறினால் ஊர்ச்சனம் பாதி இருக்கும், ஆஸ்பத்திரி வரிசையில் மீதி இருக்கும். எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள். அங்கே போய் மாடு என்று சொல்ல முடியாது.

புரட்டாசி பிறந்ததும் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. சடையனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறியலுக்குப் போய்விட்டான். ஊரே எங்கும் போக வழியில்லையே என்று அலுத்துக்கொண்டபோது, இருசம்மாளுக்கு மட்டும் மனதுக்குள் ஒரு கதவு திறந்தது. யாரும் போக முடியாத நாளில் போனால் யாரும் பார்க்க மாட்டார்கள். நான்காம் நாள் காலை, ஒரு தூக்கில் கூழை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மூன்று மணி நேர நடை. தார்ச்சாலை அத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. நடுரோட்டில் ஆடுகள் படுத்து அசைபோட்டன. புழுதி அடங்கியதால் மலை கிட்டத்தில் வந்து நின்றது. அதன் மடிப்புகளும் மடிப்புகளில் தேங்கிய நீலமும் தனித்தனியாகத் தெரிந்தன. தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்க, சாலையின் நட்டநடுவில் அவள் நடந்தாள். சற்று நேரத்தில் தான் நடப்பதுபோலவே இல்லை, சாலைதான் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு காலில் காற்றுப் பட்டது.

வெட்டிச் சாய்த்த முதல் மரத்தடியில் அரிவாளும் கோடாலியுமாக ஏழெட்டு இளவட்டங்கள் இருந்தார்கள். அவசரமாகப் புடவையை இறக்கிவிட்டாள். ஒருவன் எழுந்து வந்தான். பாவாடைராயன் சாமியின் பெயர் வைத்த பையன், பாவாடை.

"எங்க அத்த போற? இன்னும் மூணு நாளிக்கு வண்டி ஓடாது."

அவள் அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "இந்த மூக்கு நான் புடிச்சுவுட்டது. பொறக்கச்சொல்ல சப்பையா இருந்துச்சு."

மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கோடாலிக்காரன் மூக்கைத் தடவிக்கொண்டான். "படிக்க எடமும் வேலையும் குடுன்னு கேக்கறோம் அத்த. தானா யாரு குடுப்பாங்க?"

"கேளுங்கப்பா. வாயத் தெறந்து கேட்டாதான் நம்ம கொற அடுத்தவனுக்குத் தெரியும்" என்றாள். சொன்னது தன் காதில் விழுந்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டதெல்லாம் மாட்டின் பெயரால்தான்.

பாவாடை கிளையைத் தூக்கிப் பிடிக்க, மரத்துக்குள் நுழைந்தாள். அது ஒரு மரத்தைத் தாண்டுவது மாதிரியே இல்லை. எத்தனையோ வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்த உச்சிக்கொழுந்து இப்போது முழங்கால் உயரத்தில் இருந்தது. பச்சை வாடை, வெயில் துண்டு துண்டாக. வானத்தில் இருக்கவேண்டிய இடத்தில் நடக்கிறோம் என்று நினைத்தாள். ஒரு காலிக்கூடு கையில் பட்டது. அதை எடுத்து, சாயாமல் நின்ற இன்னொரு மரத்தின் கவட்டையில் வைத்துவிட்டுப் போனாள்.

கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரி வராந்தா காலியாகக் கிடந்தது. கடலூருக்குத் திரும்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்ட டாக்டர் அருள்மொழி, நான்கு நாளாக ஒரே புடவையைத் துவைத்துத் துவைத்து உடுத்திக்கொண்டு பழைய செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயது. மற்ற நாளில் அந்த நாற்காலிக்கு முன்னால் ஒருவருக்கு ஒரு நிமிஷம் கிடைத்தால் பெரிது. இன்று அவளுக்கு வேறு வேலையே இல்லை.

"என்னம்மா செய்யுது?"

"மாட்டுக்குக் கால்லம்மா..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கிவிட்டாள் இருசம்மாள்.

"மாட்டுக்கு ஆஸ்பத்திரி வேற இருக்குங்களே."

இருசம்மாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறகு புடவையை முழங்கால்வரை தூக்கினாள்.

டாக்டர் முகத்தைச் சுளிக்கவில்லை. பெஞ்சில் உட்காரவைத்துக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். பஞ்சை நூலாகத் திரித்து, "நான் எங்க தொடுறேனோ அங்க விரல வைங்க" என்றாள். தொட்டது தெரியாமல் மரத்துப் போயிருந்தால் அதுதான் என்று இருசம்மாளுக்குத் தெரியும். இருட்டில் காத்திருந்தாள். ஈ உட்கார்ந்தது மாதிரி ஏதோ பட்டது. விரலை வைத்தாள். இன்னொரு இடம். வைத்தாள். செதிலின் மேலே, ஓரத்தில், நடுவில், எங்கே தொட்டாலும் தெரிந்தது. பஞ்சு எடுத்த பிறகும் கண்ணைத் திறக்காமல், "தெரியுதும்மா, எல்லாம் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது.

"தொழுநோய் இல்லம்மா" என்றாள் டாக்டர். கண்ணாடித் தகட்டின் ஓரத்தால் ஒரு திட்டை மெதுவாகச் சுரண்டிப் பார்த்தாள். மெழுகைச் சுரண்டினாற்போல் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. முழங்கையை, தலையை, நகத்தைப் பார்த்தாள். நகங்களில் ஊசியால் குத்தினாற்போல் குழி இருந்தது. "இதுக்குப் பேரு சோரியாசிஸ். நம்ம தோல் மாசத்துக்கு ஒருவாட்டி புதுசாகும். உங்க கால்ல நாலஞ்சு நாள்லயே புதுசாகுது. பழசு உதிர்றதுக்குள்ள புதுசு வந்து முட்டுது. அதான் அடுக்கி நிக்குது. அவசரப்படற தோல், அவ்வளவுதான்."

"ஒட்டுமா?"

"யாருக்கும் ஒட்டாது. தொட்டாலும் ஒட்டாது, ஒரே தண்ணில குளிச்சாலும் ஒட்டாது."

நார் போட்டுத் தேய்த்ததைக் கேட்டதும் டாக்டருக்குக் கோபம் வந்தது. தேய்த்துப் புண்ணாக்கினால் புண்ணான இடத்திலேயே புதிதாக வரும் என்றாள். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பாகக் குளி, துண்டால் ஒற்றி எடு, ஈரம் காயுமுன்பே தேங்காயெண்ணெய் பூசு, இந்தக் களிம்பைப் படுக்கும்போது மெல்லிசாகத் தடவு, காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் காலைக் காட்டு என்றாள். "அடியோட போயிடும்னு பொய் சொல்லமாட்டேன். அடங்கும். குளிர் காலத்துல, மனக்கஷ்டம் வந்தா, திரும்பி வரும். பயப்படாம மறுபடி வாங்க."

இருசம்மாளுக்கு அதெல்லாம் இரண்டாம் பட்சம். "புள்ளையக் கால்ல போட்டுத் தண்ணி ஊத்தலாமா?" என்றாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. அதனால் இருசம்மாள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, டாக்டரின் துண்டைப் பிள்ளையாகச் சுருட்டிப் போட்டு, எண்ணெய் முதல் காதில் ஊதுவது வரை செய்து காட்டினாள். வெறும் துண்டுக்கும் ஊர் வம்பு சொன்னாள். அருள்மொழி நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு முழுவதையும் பார்த்தாள். வெளியே எந்த வண்டிச் சத்தமும் இல்லை.

"தாராளமா போடலாம்" என்றாள் கடைசியில். "மருந்து இருக்கிற காலோட மட்டும் வேண்டாம். கழுவிட்டு, தேங்காயெண்ணெய் தடவிக்கிட்டுப் போடுங்க. வெடிச்சு ரத்தம் கசிஞ்சா அது ஆறட்டும். ஒட்டாதுன்னு ஒரு சீட்டு எழுதித் தரட்டுமா?"

"சீட்டு வாணாம்மா. எங்க தெருவுல படிக்கத் தெரிஞ்சவங்க கம்மி. தெரிஞ்சவன் ஊரெல்லாம் படிச்சிக்கினு போவான்."

அடுத்த ஐந்து வாரம் இருசம்மாள் காலை வெயிலில் கொல்லையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். களிம்பில் கீல் வாசனை. "ரோடு போட்ட வாசன வருது" என்றான் சடையன். ஆனாலும் பாயை நகர்த்திப் போடவில்லை. டீக்கடையில் மாட்டைப் பற்றி விசாரித்தவர்களிடம், "தேறிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தான். செதில் உதிர்ந்து, தடிப்பு அமுங்கியது. ஆனால் இளஞ்சிவப்பாகத் திட்டுகள் இருக்கத்தான் செய்தன, ஓரத்தில் லேசான வெள்ளையோடு. பார்த்தால் தெரியும்.

ஐப்பசி மழையில் செந்தமிழ்ச்செல்விக்குப் பெண் பிறந்தது. பதினோராம் நாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். இருசம்மாள் போனாள். மணைமேல் உட்கார்ந்தாள். ராஜாம்பாள் பிள்ளையை நீட்டினாள். இருசம்மாள் வாங்கவில்லை.

"மொதல்ல இதப் பாருங்க" என்று புடவையைச் சுருட்டிக் காலை நீட்டினாள். "தையிலேந்து இருக்குது. இடுப்பு நோவுன்னு சொன்னது பொய். இது பெரிய வியாதி இல்ல, ஒட்டாது. டாக்டரம்மா பாத்துச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சத சொல்லிட்டேன். இஷ்டம்னா குடுங்க."

ராஜாம்பாள் நீட்டின கையை மெதுவாகத் தன் மார்போடு இழுத்துக்கொண்டாள். "எங்கிட்டகூட சொல்லலியே இருசா" என்றாள். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. பிறகு காலைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். "டாக்டரு சொல்லுவாங்க. பதினோரு நாள் புள்ளடி. ஒண்ணு பண்ணு. மணையில போட்டு ஊத்திடேன்."

"மணையில போட்டு ஊத்தறதுக்கு நான் எதுக்கு ராஜாம்பா? யாரு வேண்ணா ஊத்தலாம்."

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வேறு எங்கோ பார்த்தாள். கொல்லையில் மழைவிட்ட வெளிச்சம். அண்டாவில் தண்ணீர் ஆவிவிட்டுக்கொண்டிருந்தது. இருசம்மாளின் கை புடவை ஓரத்தைத் தேடியது, கீழே இழுத்துவிட.

அப்போது செந்தமிழ்ச்செல்வி காதைச் சுற்றிக் கட்டிய துணியோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து வந்தாள். பச்சை உடம்புக்காரி, மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. கிண்ணத்திலிருந்து எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினாள். இரண்டு கையையும் சேர்த்துத் தேய்த்துச் சூடேற்றினாள். இருசம்மாளின் கையைப் புடவையிலிருந்து எடுத்துவிட்டு, அவளுடைய வலது கணைக்காலில் அந்தச் சிவந்த திட்டின் மேல் கையை வைத்து, அழுத்தாமல், மேலிருந்து கீழாகத் தடவினாள்.

"கூசுது பாப்பா" என்றாள் இருசம்மாள்.

"கூசட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் இடது காலுக்குப் போனாள்.

ராஜாம்பாள் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு தரையில் குந்தி, மகளின் தோளோடு ஒட்டி உட்கார்ந்து, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.